சுருளி தூங்கும்போது

கருக்கம்பட்டியில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருத்தரும் இருமக்கூட மாட்டார்கள், இருமல் வந்தால் வாழைத்தோப்புக்குள் போய் இருமிவிட்டு வருவார்கள், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் சுருளி தூங்குவான், தூங்கும்போதுதான் வளருவான், அவன் வளர்கிற அளவுக்கு ஊர் குறையும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவன் வளர ஆரம்பித்த முதல் கோடை லீவில் ஒரு சாண் உயர்ந்தான், அதே லீவில் ஊரிலிருந்த அத்தனை ஆம்பளைகளின் கைலியும் தரையைக் கூட்டியது, பொம்பளைகள் சேலையை இடுப்பில் இன்னொரு மடிப்பு மடித்துச் சொருகிக்கொண்டார்கள், அம்மன் கோயில் மணியைக் கையை நீட்டி அடித்துக்கொண்டிருந்தவர்கள் குதித்து அடித்தார்கள், குதித்தும் எட்டாமல் போனபோது மணியின் நாக்கில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள், கயிறு கட்டியதும் அந்தப் பேச்சு முடிந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் வந்து சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். எல்லாரும் மாத்திரையைச் சாப்பிட்டார்கள், சாப்பிட்டுவிட்டுக் குறைந்தார்கள்.

எல்லாரும் சேர்ந்து குறைந்ததால் யாருக்கும் யாரும் குறைந்ததாகத் தெரியவில்லை. வெளியூர் பஸ்ஸில் ஏறினால் மேல் கம்பி எட்டாது, அப்போது தெரியும், இறங்கினால் மறந்துவிடும்.

வேண்டாம் என்று ஊர் ஏன் சொல்லவில்லை என்றால், அதற்குக் காரணம் பிரியாணி. வருசா வருசம் மே மாதம் கருக்கம்பட்டி கூடைப்பந்து கழகம் லைட் வெளிச்சத்தில் போட்டி நடத்தும், எங்கெங்கிருந்தோ டீம்கள் வரும், ஊர் டீம் முதல் மேட்சிலேயே தோற்கும், தோற்றதும் ஜெர்ஸியைக்கூடக் கழற்றாமல் போய், ஜெயித்தவர்களுக்கு இலை போட்டுப் பிரியாணி பரிமாற வேண்டும் என்பது கழகத்தின் வழக்கம். எந்த அறிவாளி ஆரம்பித்து வைத்தானோ. கழகச் செயலாளர் பவுன்ராசு, மாவு மில் வைத்திருப்பவர், அவர் ஆடிய காலத்தில் பரிமாறினார், அவருடைய மகன்கள் பரிமாறினார்கள், வியர்வை இலையில் சொட்டச் சொட்டப் பரிமாறினார்கள், "இன்னொரு பீஸ் வைப்பா" என்று ரிங்குக்கு அடியில் நின்று அவர்களை நசுக்கிய நெட்டையன்கள் கேட்டால் குனிந்து வைத்தார்கள். அந்த நெட்டையனுக்குச் சென்டர் என்று பெயர். ஊரில் எல்லாம் இருந்தது, சென்டர் மட்டும் இல்லை. அதனால் சென்டர் ஒருத்தன், சுருளியின் அம்மா பேச்சியம்மா வீட்டில் பாயில் படுத்து முளைக்கிறான் என்று தெரிந்ததும், ஊர் அதைப் பற்றிக் கூட்டம்கூடப் போடவில்லை. பவுன்ராசு மத்தியானம் மில்லை நிறுத்தினார். பஸ்காரர் ஊருக்குள் ஹாரன் அடிப்பதை விட்டார். பள்ளிக்கூடத்தில் மணிக்குப் பதிலாகக் கொடி காட்டினார்கள். கல்யாண ஊர்வலங்கள் மேளக்காரரை முன்னால் விட்டுப் போயின, மேளக்காரர் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கையை மட்டும் ஆட்டிக்கொண்டு போனார், சம்பளம் முழுசாக வாங்கிக்கொண்டார்.

கௌமாரி சுருளியின் அக்கா. பிளஸ் டூ முடிந்ததும் படிப்பு போதும் என்று நிறுத்திக்கொண்டவள், ஏன் என்று கேட்டவர்களிடம் "புடிக்கல" என்று சொல்லி முடித்துக்கொண்டவள். பள்ளிக்கூட டீமில் அவள்தான் சென்டர், ஊரிலேயே உயரமான பெண், எல்லாரோடும் சேர்ந்து குறைந்த பிறகும் உயரமான பெண்தான். போலீஸ் செலக்ஷனுக்கு எழுதிப் போட்டிருந்தாள். காக்கி மேல் ஆசை எல்லாம் கிடையாது, அந்த ஊரை விட்டுப் போக அவளுக்குத் தெரிந்த பஸ் அது ஒன்றுதான். ஊரை விட்டுப் போனவர்கள் குறைவதில்லை. அவளுடைய அப்பா மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறார், திருவிழாவுக்கு வந்தால் வாசலில் தலை இடிக்க நின்று, தன் பெண்டாட்டியைக் குனிந்து பார்த்து, மகன் பாய் விரிக்கிறதுக்குள் கடைசி ஜீப்பைப் பிடித்துவிடுவார். அவர் மேல் யாருக்கும் கோபமில்லை. இருந்தாலும் வெளியே காட்டுகிற அளவுக்கு இல்லை.

போலீஸுக்கு உயரத்தில் ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்கு மேலே கௌமாரிக்கு மிச்சம் ஒரு விரற்கடைதான்.

செலக்ஷனுக்கு முந்தின நாள் காலையில் அவள் ஓடிவிட்டு வரும்போது சுருளி கழகத்து சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். தலையெல்லாம் ஈரம். கண்கள் மிளகாய்ப் பழமாக இருந்தன. உட்கார்ந்திருந்தும் அவன் தலை அவள் நெஞ்சுக்கு வந்தது.

"என்னடா, வெள்ளனவே பிராக்டீஸா?"

"இல்லக்கா. சும்மா."

"சும்மாவுக்கு எதுக்கு வாளி?"

அவன் வாளியை ஓரமாகத் தள்ளினான். எழுந்து நின்றான், எழுந்து முடிக்க அவனுக்கு நேரம் ஆகும். அவள் பந்தை எடுத்து அவன் நெஞ்சுக்கு ஒரு பாஸ் போட்டாள். பந்து வரும்போது அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான், அது தோளில் பட்டு உருண்டு போனது. எப்போதும் இப்படித்தான். அவன் இடுப்புயரம் இருந்த காலத்திலிருந்து அவள்தான் அவனுக்குப் பாஸ் போடுகிறாள், அன்றைக்கிருந்து கண்ணை மூடுகிறான். பந்து என்பது தன்னை அடிக்க வருகிற ஒன்று என்று அவன் முடிவு பண்ணி ரொம்ப நாளாகிறது.

"நேத்து எந்நேரம் தூங்குன?"

"தூங்கல."

"முந்தாநேத்து?"

"உனக்கு லெட்டர் வந்ததுல இருந்து தூங்கலக்கா. அம்மா பாத்தா கண்ண மூடிக்கிருவேன். கைய கிள்ளிக்கிட்டே கெடப்பேன்." முன்கையைக் காட்டினான், கருநீலமாகக் கன்றியிருந்தது. "நீ போயி அளந்துட்டு வந்துரு. அப்பறம் மொத்தமா தூங்கிக்கிறேன்."

அழணும் போல இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. "மூஞ்சியக் கழுவு, மெட்ராஸ்காரர் வர்றாராம்" என்று மட்டும் சொன்னாள்.

மெட்ராஸ்காரர் என்றால் ஜெபமணி சார். பெரிய டீம் ஒன்றுக்கு ஆள் எடுக்கிறவர், அவர் எடுத்தால் ஹாஸ்டல், சாப்பாடு, பிற்பாடு வேலை. அதைவிட முக்கியம், அவர் எடுத்துத் தேற்றிய சென்டர் எந்த ஊர்க்காரனோ, அந்த ஊருக்கு மே மாதம் யாரும் பிரியாணி சாப்பிட வந்து நிற்க முடியாது. பவுன்ராசு மாலையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார், குதித்து மாலையைப் போட்டார், ஜெபமணி சார் இதையெல்லாம் பார்த்துப் பழகினவர் மாதிரி கழுத்தை நீட்டிக் கொடுத்தார்.

சின்னப் பையன் ஒருத்தன் பின்னால் பெரிய ஆளாக வருவானா என்று பார்ப்பதில் ஜெபமணி சாருக்கு ஒரு முறை இருந்தது. அவர் பந்தைத் தொடவே இல்லை. சுருளியின் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்தார், எலும்பு இன்னும் மூடவில்லை, வளர இடமிருக்கிறது என்று தலையாட்டினார். உள்ளங்காலைப் பார்த்தார். முட்டியை மடக்கச் சொல்லிக் காது வைத்துக் கேட்டார். பிறகு, "இவன் யாருகிட்ட இருந்து வளர்றான்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டு ஊரைச் சுற்றக் கிளம்பினார்.

தெருத் தெருவாகப் போனார். வியாபாரி தோப்புக்குள் புகுந்து வாழைத்தாரை அண்ணாந்து பார்ப்பது மாதிரி ஆட்களைப் பார்த்தார். டீக்கடையில் நின்றவர்களைப் பார்த்து, "இங்க ஒண்ணும் மிச்சம் இல்ல" என்றார். குழாயடிப் பொம்பளைகளைப் பார்த்து, "கொஞ்சம் இருக்கு" என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்து யோசித்து, "இதுக எல்லாம் பிஞ்சு" என்றார். ஒருத்தருக்கும் கோபம் வரவில்லை. தன்னைப் பார்த்து "தேறும்" என்று சொல்லமாட்டாரா என்று சில பேர் கால் விரலில் எக்கி நின்றார்கள். பேச்சியம்மா வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கௌமாரியைப் பார்த்ததும் அவர் நடையை நிறுத்தினார்.

"இது யாரு?"

"பையனோட அக்கா சார்" என்றார் பவுன்ராசு. சொந்தத் தோட்டத்து வாழையைக் காட்டுகிற பெருமை குரலில் இருந்தது.

"நல்ல இருப்பு. ரத்த சொந்தம் வேற. இந்தப் பொண்ணு ஊர்ல இருக்கிற வரைக்கும் பையன் வளர்ச்சிக்குக் கவலை இல்ல."

"நாளைக்கு நான் ஊர்ல இல்ல சார்" என்றாள் கௌமாரி, துணியைப் பிழிந்துகொண்டே. "போலீஸ் செலக்ஷன்."

ஜெபமணி சார் பவுன்ராசைப் பார்த்தார். பவுன்ராசு தரையைப் பார்த்தார், தரை இப்போதெல்லாம் பக்கத்திலேயே இருந்தது.

பகலுக்குக் கழகத்தில் மொத்த ஊரும் கூடியது. சுருளியை ரிங்குக்குக் கீழே நிறுத்திப் பாஸ் போட்டார்கள். முதல் பந்து தோளில் பட்டது, இரண்டாவது காதில் பட்டது, மூன்றாவது மூக்கில் பட்டு ரத்தம் வந்தது, அவன் ரத்தத்தோடு நின்றபடியே ஒரு நொடி தூங்கி விழப் பார்த்து, கையைக் கிள்ளி விழித்துக்கொண்டான். யாரும் பேசவில்லை. பழக்கம்.

"இவன ஆரம்பத்துல இருந்து ஆட வச்சது யாரு?" என்று கேட்டார் ஜெபமணி சார்.

ஊர் கௌமாரி பக்கம் திரும்பியது.

"நீயே சொல்லும்மா. பெரிய பிளேயரா வருவானா?"

"வரமாட்டான் சார்."

"ஏ ஆத்தா!" என்றார் பவுன்ராசு.

"கேட்டாருல்ல மாமா, சொல்றேன். பந்து வந்தா கண்ண மூடுறான். எவனாவது இடிச்சா இவன் சாரி சொல்றான். இவனுக்கு ஆட்டமே புடிக்கல. இவனுக்குப் புடிச்சது நம்ம வீட்டு மிக்ஸியப் பிரிச்சு மாட்டுறது. இவன் நெட்டையா இருக்கான், அம்புட்டுதான். தென்னமரங்கூடத்தான் நெட்டையா இருக்கு."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். சுருளியும் சிரித்தான். மூக்கில் துணி வைத்துக்கொண்டு, ரொம்ப நாள் கழித்து யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி சிரித்தான்.

ஜெபமணி சாருக்குக் கோபமில்லை. "தெரியும்மா. நீ சொல்றது எல்லாம் கரெக்ட்டு. ஆனா பந்து பிடிக்கிறத நான் அடிச்சாவது கத்துக்குடுத்துருவேன். உசரத்த எங்க போய் வாங்க? இவன் இன்னும் ஒரு முழம் வருவான்னா எனக்கு வேணும், வரமாட்டான்னா வேண்டாம். அதான் கணக்கு." அவர் சுருளியின் கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். "ஆனா இவன் தூங்குறதே இல்லையே. ஏன் தூங்கல?"

சுருளி அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினான், சொல்லாதே என்று. அவளுக்குப் பொய் வருவதில்லை, பொய் சொல்ல வேண்டிய இடத்தில் வாய் அதுபாட்டுக்கு முந்திக்கொள்ளும், இது அவளுக்குச் சின்ன வயசிலிருந்து உள்ள வியாதி.

"எனக்காக" என்றாள்.

ஊருக்கு இது புரிய நேரம் ஆகவில்லை. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். எல்லாரும் ரொம்பத் தன்மையாகப் பேசினார்கள். "அடுத்த வருசம் போயேன் ஆத்தா" என்றார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு இந்த உசரமே ஜாஸ்தி, மாப்பிள்ள கெடைக்காது" என்றார்கள். "நாங்கல்லாம் குடுக்கலையா" என்று ஒருத்தர் கேட்டார், அதில் குறை சொல்கிற தொனிகூட இல்லை, பந்தியில் உட்கார இடம் இருக்கிறதா என்று கேட்பது மாதிரி கேட்டார்.

"ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்ல முடியாதா அந்தப் போலீசு?" என்றார் பவுன்ராசு.

"போலீசு என்ன உங்க மில்லா மாமா, மத்தியானம் நிப்பாட்டுறதுக்கு?"

ஜெபமணி சார் கையைத் தட்டிப் பேச்சை நிறுத்தினார். தான் நாளைக் காலை கிளம்புவதாகவும், பையன் இப்போதே இங்கேயே படுக்கட்டும் என்றும், எழுந்ததும் அளக்கப் போவதாகவும் சொன்னார். ஒரு நல்ல தூக்கத்துக்கு நான்கு விரற்கடை உயர்ந்தால் எடுத்துக்கொள்வார், ஹாஸ்டலில் வைத்தால் மற்ற பையன்களை உறிஞ்சிவிடுவான் என்பதால் இன்னும் இரண்டு வருசம் ஊரிலேயே தூங்க வைத்து, முற்றிய பிறகு கூட்டிப் போவார். உயரவில்லை என்றால் இந்த ஊருக்கு இனி வர மாட்டார். "பக்கத்துல படுக்கிறவங்ககிட்ட இருந்துதான் ஜாஸ்தி எடுப்பான்" என்றும் சொன்னார். யார் படுப்பது என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, டீக்கடையில் ஒன்றும் மிச்சமில்லை, குழாயடியில் கொஞ்சம்தான் இருக்கிறது என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

ரிங்குக்கு அடியில் பாய் விரித்தார்கள். பேச்சியம்மா, இவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேசாதவள், தயிர்ச்சோறு கொண்டுவந்து மகனுக்கு ஊட்டினாள், ஊட்டிக் கையைக் கழுவினாள். அவனைச் சுற்றித் தள்ளித் தள்ளி ஊர் உட்கார்ந்தது. பாயில் அவனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற இடம் காலியாக இருந்தது. எல்லாரும் அந்த இடத்தையே பார்த்தார்கள், கௌமாரியைப் பார்க்கவில்லை, அந்த மரியாதை அவர்களுக்குத் தெரியும்.

ரோட்டில் மத்தியான பஸ் ஹாரன் அடிக்காமல் வந்து நின்றது.

படுத்தபடியே சுருளி சொன்னான், "போக்கா. பஸ் நிக்குது."

"நான் போனா நீ வளர மாட்ட. உன்ன எடுக்க மாட்டாரு."

"எடுக்க வேணாம்."

"அப்பறம் இந்த ஊர்க்காரங்க உன்ன என்ன செய்வாங்கன்னு யோசிச்சியா? இம்புட்டையும் தின்னுபுட்டு இங்கயே நிப்ப."

"நிக்கிறேன்." அவன் இமைகள் பாதியில் நின்றன, அவன் கை முன்கையைத் தேடியது, கிள்ளக்கூட விரலில் பலம் இல்லை. "நீ போ. எனக்கு ரொம்ப நேரம் தாங்காது."

கௌமாரி பையை எடுத்தாள். உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் நடந்தாள், அவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள், கழகத்து இரும்புக் கேட்டை அவள் வேண்டுமென்றே ஓங்கிச் சாத்தினாள், யாரோ முன்னமே அதில் துணி சுற்றி வைத்திருந்ததால் சத்தம் வரவில்லை. பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியபோது இனிக் குறைய மாட்டோம் என்பது ஞாபகம் வந்தது. ஜன்னல் ஓரம் சீட் கிடைத்ததும் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒரே மாதிரித்தான் இருந்தன.

மறுநாள் காலை பெரிய மைதானத்தில் பெண்களை வரிசையில் நிறுத்தி அளந்தார்கள். கௌமாரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பத்தில் முதுகை ஒட்டி நின்றாள். மரச்சட்டம் இறங்கி வந்து உச்சந்தலையில் தட்டியது. அளந்த பெண் எஸ்.ஐ. குனிந்து பார்த்து, "மேலதான் இருக்கு, போம்மா. அடுத்து" என்றார். பின்னால் நின்ற பெண்ணின் அளவு கோட்டுக்குக் கீழே போனது, அவள் அழுதாள். கௌமாரி அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அளந்துட்டாங்களாடி?" அம்மாவின் குரல் தூரத்திலிருந்து வந்தது.

"ம். மேல இருக்கேன்."

"சரி."

"அவன்?"

"தூங்கிட்டான். நீ போனதும் பொசுக்குன்னு தூங்கிட்டான். விடிஞ்சுதான் எந்திரிச்சான், சேத்து வச்ச தூக்கம்ல. சாரு அளந்தாரு. சொன்னதுக்கும் மேலயே இருக்காம். எடுத்துக்கிட்டாரு. பவுன்ராசு அண்ணே ஒரு சரம் வெடி வாங்கிட்டு வந்து வெடிக்காம கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு."

கௌமாரி நிழலுக்கு நகர்ந்து நின்றாள்.

"பக்கத்துல யாரும்மா படுத்தா?"

"நான்தான்."

"நீதானா?"

"பெறகு யாரு? இடம் காலியாக் கெடந்துச்சு." ஏதோ உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. "இந்தப் போனு கைக்குள்ள நிக்க மாட்டேங்குதுடி. தரையில வச்சுப் பேசுறேன்."

"எம்புட்டும்மா போச்சு?"

"எவ அளந்தா. பக்கத்து வீட்டுக்காரி என்னைய இடுப்புல தூக்கிட்டுப் போயி குழாயடில எறக்கிவிட்டா. நல்லாத்தான் இருந்துச்சு, என்னைய யாரு தூக்கியிருக்கா இத்தன நாளு."

"அவன் என்ன செய்யிறான்?"

"அழுகுறான். அழுகட்டும், அழுதா தூக்கம் வரும்ல." போன் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. "வர்றப்ப எனக்கு ஒரு செருப்பு வாங்கிட்டு வா. பழசுல ரெண்டு காலும் ஒண்ணுக்குள்ளயே போயிருது."

"என்ன சைஸு?"

"ஒண்ணாப்புப் படிக்கிற பிள்ளைக்குன்னு கேளு, தருவான்."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செருப்புக் கடை இருந்தது. கௌமாரி உள்ளே போய் அப்படியே கேட்டாள். கடைக்காரர் கயிற்றில் தொங்கிய குட்டிச் செருப்புகளை அவிழ்த்து முன்னால் போட்டார், பூ வைத்தது, பொம்மை வைத்தது, மினுமினுப்பு ஒட்டினது. அம்மா ஒரு நிமிசம் ஓர் இடத்தில் உட்காரத் தெரியாதவள், ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற மத்தியானத்திலும் அடுப்படிக்கும் வாசலுக்கும் வாசலுக்கும் குழாய்க்கும் வெறுங்காலில் பூனை மாதிரி நடந்துகொண்டே இருப்பாள்.

"பிள்ளைக்குச் சாதாரணமா வேணுமா, நடந்தா கீச்சு கீச்சுன்னு சத்தம் போடுமே, அது வேணுமா?" என்று கேட்டார் கடைக்காரர். "அது வேண்டாம்மா, நான் சொல்லிடுறேன். வாங்கிட்டுப் போயிட்டு வீட்ல ஒரு மனுசன் தூங்க முடியலன்னு திருப்பிக்கொண்டாந்துருவாங்க."

"அதையே குடுங்க" என்றாள் கௌமாரி. "இருக்கிறதுலயே ஜாஸ்தி கத்துறது எதுவோ அது."

கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் குதிகாலில் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார். அவள் வேண்டாம், வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். சிவப்பில் ஒன்றை அவர் அமுக்கியபோது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.